பெட்ரோல் மிச்சம்

“இறங்குங்க டீச்சர்.”

முஷ்ரிபா டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்பிரிங்வெளிப் பாதையில் பள்ளிக்கூட ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஆட்டோ நின்றிருந்தது. அங்கிருந்து மேலே கால் மணி நேர நடை.

“இன்னைக்கும் இழுக்காதாமா தம்பி?”

“இழுக்கும் டீச்சர். பெட்ரோலக் குடிச்சிரும். இந்த மாசமும் விலைய ஏத்திட்டாங்கல்ல?” என்றான் இந்திரஜித், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

பதுளையிலிருந்து தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் தினமும் அவனுடைய ஆட்டோவில்தான் வருகிறார். மூன்று மாதமாக இந்தக் கூத்து. கூலி மட்டும் பள்ளிக்கூட வாசல் வரைக்குமான கூலி.

“எங்கட அவரும் கத்தார்ல வாகனம்தான் ஓட்டுறார். அங்கயும்தான் விலை ஏறுது. அவர் யாரையாவது நடுரோட்டுல இறக்கி விடுறாரா?”

“அங்க ஏது டீச்சர் ஏத்தம்? ஊரே ரொட்டி மாதிரி தட்டையாக் கிடக்குதாம். ஹஸீப் நானாவ இங்க வந்து ஓட்டச் சொல்லுங்க, அவரும் இறக்கித்தான் விடுவாரு. திருச்சியில எங்க மாமா மகன் ஆட்டோ ஓட்டுறான். மேடே இல்லாத ஊருல இருந்துக்கிட்டு அவனே அழுவுறான்!”

இவன் வாய் ஓடுவதற்கு மட்டும் பெட்ரோல் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டு டீச்சர் நடக்கத் தொடங்கினார். குதி உயர்ந்த செருப்பு எப்போதோ பைக்குள் போய்விட்டது. காலில் இப்போது சப்பாத்து. சேலை விளிம்பை இரண்டு தடவை தைத்தாகிவிட்டது.

இதைவிட எரிச்சல் இன்னொன்று. இறக்கி விட்டவன் முன்னால் போய்த் தொலையலாம் அல்லவா? மாட்டான். முக்கி முனகிக்கொண்டு டீச்சருக்குப் பின்னாலேயே முதல் கியரில் ஊர்ந்து வருவான். மேலே போனால்தான் ஆட்டோவைத் திருப்ப இடமிருக்கிறதாம். எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பான்.

“என்னா டீச்சர், ஆட்டோவுக்குப் பாதை காட்டிக்கிட்டுப் போறீங்களா?”

பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பெண்கள் கூடையும் கையுமாக நின்று கேட்டுச் சிரித்தார்கள். டீச்சருக்கு மானம் போயிற்று.

“அவன விட்டுத் தள்ளுங்க டீச்சர். பதுளையில ஆட்டோவுக்கா பஞ்சம்?” என்றார் கூடப் படிப்பிக்கும் யசோதினி. டீச்சருக்கும் அந்த எண்ணம் இல்லாமலில்லை. கணவர் ஹஸீப் தேடிப் பிடித்துக் கொடுத்த ஆள் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதம் நடந்த ஒரே நல்ல காரியம் கிளினிக்கில். டீச்சருக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம். “இரத்தத்துல சீனி நல்லா இறங்கியிருக்கே, என்ன செஞ்சீங்க?” என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். “பாவக்காய்ச் சாறு டாக்டர்” என்று டீச்சர் பெருமையாகச் சொன்னார். குடித்தது என்னவோ இரண்டே நாள்தான்.

மாதம் முடிந்தது. அதிசயமாகப் பெட்ரோல் விலை குறைந்தது. காலையில் செய்தியைக் கேட்ட டீச்சர் ஆட்டோவில் ஜம்மென்று ஏறி உட்கார்ந்தார். இன்றைக்கு இவன் என்ன சொல்கிறான் பார்ப்போம்.

ஏற்றம் வந்தது. ஆட்டோ நின்றது.

“இறங்குங்க டீச்சர்.”

“விலைதான் குறைஞ்சிருச்சே!”

இந்திரஜித் தலையைச் சொறிந்தான். “டேங்க்ல கிடக்கிறது பழைய விலைப் பெட்ரோல் டீச்சர்.”

அவ்வளவுதான். டீச்சரின் பொறுமை அந்த இடத்திலேயே தீர்ந்தது.

“இதோட போதும் தம்பி. நாளையிலருந்து நான் வேற ஆட்டோவுல வந்துக்கிறேன்.”

அவன் முகம் செத்துப்போனது. ஒரு நாள் ஓட்டம் இருக்கும், ஒரு நாள் இருக்காது. நிலையாகக் கிடைத்த ஹயர் இது ஒன்றுதான். வீட்டில் அடுப்பு எரிவது இதை நம்பித்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் அதை விழுங்கிக்கொண்டான்.

“சரிங்க டீச்சர். இன்னைக்கு மட்டும் இறங்கிருங்க.”

என்ன நெஞ்சழுத்தம்! டீச்சர் விறுவிறுவென்று நடந்துகொண்டே போனில் கத்தாருக்குக் கோல் எடுத்தார். ஹஸீப் சுபஹுத் தொழுகை முடித்திருக்கும் நேரம்தான்.

“இந்தாங்க, நீங்க பிடிச்சுத் தந்த ஆளுட லட்சணத்தக் கேளுங்க. விலை குறைஞ்சும் இறக்கி விடுறான். இன்னையோட இவன நிப்பாட்டப் போறேன்.”

ஹஸீப் அவசரமாகக் குறுக்கிட்டார்.

“நிப்பாட்டாத முஷ்ரிபா. இறக்கி விடச் சொன்னது நான்தான்.”

“என்னது?”

“டாக்டர் உன்ன நடக்கச் சொல்லி ரெண்டு வருஷமாச்சு. நான் சொல்லிக் கேட்டியா? பிள்ளைங்க சொல்லிக் கேட்டியா? இந்தச் சீனியால உன்ட உம்மாட கால எடுத்தாங்களே, அந்தப் பயத்துல எனக்கு இங்க தூக்கமில்ல. பெட்ரோல் மேல பழியப் போட்டாவது நடக்க வைடா தம்பின்னு அவன்கிட்ட கெஞ்சினேன். உனக்குச் சொல்லக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கினேன்.”

டீச்சரின் நடை நின்றுவிட்டது. வெட்கமாக இருந்தது. ஆனால் இவ்வளவு நாள் வளர்த்த கோபத்தை ஒரேயடியாக விட்டுவிட மனம் வரவில்லை.

“சரி, நடக்க வச்சீங்க. என் மானம் போக, பின்னாலேயே முக்கிக்கிட்டு வரச் சொன்னதும் நீங்கதானா? கேளுங்க அந்தச் சத்தத்த!”

போனைப் பின்பக்கம் திருப்பிப் பிடித்தார். ஹஸீப் அந்த இஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

“அத நான் சொல்லல்லியே! வழியில உனக்குத் தல கில சுத்திருமோன்னு அவனாத்தான் பயந்து வாறான் போல. பைத்தியக்காரன், மூணு மாசமா இந்த ஏத்தத்துல முதல் கியர்லயா உருட்டுறான்? உன்ன நேரா வாசல்லயே கொண்டு போய் விட்டிருந்தா இதுல பாதிப் பெட்ரோல்தானே செலவாகியிருக்கும்!”