எட்டாவது எலக்ட்ரானுக்கு ஓர் அறை

ஓர் ஆக்சிஜன் அணுவில் எட்டு எலக்ட்ரான்கள் குடியேற வந்தன. எல்லாம் ஒரே ஜாடை என்பதால், வந்த வரிசைப்படியே அழைப்போம். முதல் நான்கும் உள்ளறைகளில் ஜோடியாக அடங்கிவிட்டன. வெளிப்புறம் மூன்று அறைகள். ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது மூன்றும் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டன.

எட்டாவது வாசலில் வந்து நின்றது. இங்கே இடம் கிடைக்காவிட்டால் அணுவை விட்டே போக வேண்டியதுதான்.

"ஓர் அறையில் இரண்டு பேர் இருக்கலாம். அது விதி" என்று கெஞ்சியது.

"விதி பேசுகிறவர்களோடு குடித்தனம் நடத்த முடியாது" என்றது ஐந்தாவது.

"எனக்குக் கூட்டம் ஆகாதப்பா" என்றது ஆறாவது.

ஏழாவது மட்டும் கேட்டது: "நீ எந்தப் பக்கம் சுழல்வாய்?"

"நீங்கள்?"

"வலப்பக்கம்."

"அப்படியானால் நான் இடப்பக்கம்."

"உள்ளே வா. ஒரே பக்கம் சுழல்பவர்கள்தான் ஓர் அறையில் இருக்க முடியாது."

சற்று நேரத்தில் அந்த அறையிலிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்டன.

"என்ன இரைச்சல்!" என்றது ஐந்தாவது. ஆறாவது தன் வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தது. கொஞ்சம் பொறுத்து ஐந்தாவதும் வந்தது.

அவ்வழியே இரண்டு ஹைட்ரஜன்கள், தலைக்கு ஓர் எலக்ட்ரானோடு, போய்க்கொண்டிருந்தன.

"சும்மா வந்துவிட்டுத்தான் போங்களேன்" என்றது ஆறாவது.

"அறை பெரிதுதான்" என்றது ஐந்தாவது.

ஹைட்ரஜன்கள் தங்கள் எலக்ட்ரான்களின் கையை விடாமலே உள்ளே அனுப்பின.

வெளியிலிருந்து பார்த்தவர்கள் தண்ணீர் என்றார்கள். உள்ளே, எட்டுப் பேர் வீட்டில் பத்துப் பேர் இருந்தார்கள். இடம் போதவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.