முதல் கம்பி

“கிதார் வாசிக்கிறது நீதான்னு சொல்லிராத ஆத்தா. கச்சேரிக்குப் போற பொண்ணு வேணாம்னு இவுகளும் எந்திரிச்சுப் போயிருவாக,” என்று பொன்னாத்தாள் மகளிடம் கெஞ்சினாள்.

இரண்டு வரன்கள் அப்படித்தான் கைவிட்டுப் போயின. போட்டோவில் பார்த்த இந்த மாப்பிள்ளையை விஜிக்குப் பிடித்திருந்தது. தலையாட்டினாள்.

சொன்ன நேரத்துக்கு முன்பே மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டதால் கிதாரை ஒளிக்க முடியவில்லை.

“இத யாரு வாசிக்கிறது?” என்று கேட்டாள் மாப்பிள்ளையின் தாய்.

“எம் மகன் பால்பாண்டிதான்,” என்றாள் பொன்னாத்தாள்.

“ஒரு கம்பி கழண்டு தொங்குதே,” என்றான் மாப்பிள்ளை ரவீந்திரன்.

திராட்சைத் தோட்டத்தைத் தவிர வேறெதுவும் அறியாத பால்பாண்டி, பந்தலில் கொடியைக் கட்டுவதுபோல் அந்த நைலான் கம்பியை கிதாரின் அடிக்கட்டையில் முடிந்தான். முறுக்கியதும் நழுவியது. மறுபடி கட்டினான். மறுபடியும் நழுவியது.

காபித் தட்டோடு நின்ற விஜியால் பொறுக்க முடியவில்லை.

“ஏண்ணே, அது என்ன திராட்சக் கொடியா?”

தட்டை வைத்துவிட்டுக் கம்பியைப் பிடுங்கினாள். கட்டையின் துளையில் நுழைத்து, பின்னால் வளைத்து, கம்பியின் மேலேயே இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைச் செருகினாள். பொன்னாத்தாள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“மொதக் கம்பிக்கு ரெண்டு சுத்துப் பத்தாதுங்க. மூணு போடுங்க,” என்றான் ரவீந்திரன்.

அவனுடைய தாய் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அடப்பாவி! பொண்ணு குடுக்க மாட்டாகன்னு ஒங் கிதார மார்க்கையன்கோட்டை மாமன் வீட்டுல ஒளிச்சு வச்சுட்டு வந்தேனேடா!”

பொன்னாத்தாள் கண்களைத் திறந்தாள்.

“காப்பி ஆறிப்போகுது, எடுத்துக்கங்க மதினி,” என்றாள்.