முன்னாடி போயிடணும்

"ஏம்மா, சீக்கிரம் செத்துப்போற மாதிரி ஏதாவது இருக்கா?"

செல்லப்பிராணிக் கடைக்காரி மீன்தொட்டிக்குள் விட்ட கையை அப்படியே நிறுத்தினாள். இத்தனை வருட வியாபாரத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

கேட்டவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். தேய்த்த சட்டை, வாயெல்லாம் சிரிப்பு. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர்டானவராம், அவரே சொல்லிக்கொண்டார்.

கடைக்காரி லேசுப்பட்டவள் இல்லை. ஒரு முயலை விற்பதற்கும் பெண் கொடுக்கிற மாதிரி விசாரிப்பாள். காரணம், அவள் மேஜைக்கடியில் படுத்திருந்த கிழட்டு நாய். 'வீடு மாத்தறோம்' என்று யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது. கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கும். பழைய ஆள் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி படுத்துக்கொள்ளும்.

"கிளி இருக்கு. நல்லாப் பேசும்," என்றாள் வேண்டாவெறுப்பாக.

"எத்தனை வருஷம் இருக்கும்?"

"முப்பது, நாப்பதுகூட இருக்கும்."

"ஐயையோ! ஆமை?"

"அது நம்ம ரெண்டு பேரையும் வழியனுப்பி வச்சுட்டுத்தான் போகும்."

"வேண்டவே வேண்டாம். முன்னாடி போயிடணும்மா, அதான் முக்கியம்."

"வெள்ளெலி ரெண்டு வருஷம்."

"ஆ, அது சரி!" பெரியவர் முகம் மலர்ந்தது. கடைக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதென்னம்மா கணக்கு? எலிக்கு ரெண்டு, நாய்க்குப் பன்னெண்டு, நமக்கு மட்டும் எண்பதா? ஆண்டவன் இப்படி ஓரவஞ்சனை பண்ணலாமா?"

"சின்ன உடம்புக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். சீக்கிரம் ஓஞ்சுடும்னு சொல்வாங்க."

"மாடு நம்மைவிடப் பெருசு. அது இருபதுலயே போயிடுதே?"

"எலிக்குட்டி ஒரே மாசத்துல தன் தீனியைத் தானே பாத்துக்கும். என் பையனுக்கு இருபத்தஞ்சு வயசு. துவைச்ச சட்டை எங்கேன்னு இன்னும் என்னைத்தான் கேக்கறான். இதுகளை வளத்து ஆளாக்கணுமே, அதான் நமக்கு ஆயுசைக் கூட்டிப் போட்டிருக்கு."

பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, அந்த எலியையே கொடுங்க."

"கொடுக்கறதா இல்லை."

"ஏம்மா?"

"எப்போ சாகும்னு கேட்டு வாங்கறவருக்கு உயிர் எதுக்கு? பொம்மை வாங்கிக்குங்க. அலுத்துப்போனா தூக்கிப் போட்டுடலாம்."

பெரியவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"தப்பா நினைச்சுட்டீங்களேம்மா. முன்னாடின்னா, எனக்கு முன்னாடி."

கடைக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"என் வீட்டுக்காரி ஒரு பூனை வளத்தா. அவ போனப்போ நான் அழுதேன். நாலு பேர் வந்து தேத்தினாங்க. அந்தப் பூனை அவ செருப்பு மேலயே படுத்துக் கெடந்துச்சு. இனிமே அவ வரமாட்டான்னு அதுகிட்ட யாரு சொல்றது? சொன்னாத்தான் புரியுமா?"

அவர் பார்வை மேஜைக்கடியில் போய் நின்றது.

"ஆயுசுக்கு நீங்க ஒரு காரணம் சொன்னீங்க. எனக்கு வேற தோணுதும்மா. ரெண்டு பேர்ல ஒருத்தர் பின்னாடி இருந்து அழணும். அழுதுட்டு ஆறிக்கவும் தெரியணும். அது நமக்குத்தானே தெரியும்? அந்த வேலை எனக்கே இருக்கட்டும்."

கடைக்காரிக்கு வெட்கமாகப் போய்விட்டது. கூடவே அந்த மனுஷர்மேல் பாசமும் வந்துவிட்டது. குனிந்து நாயின் வாரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"பதிமூணு வயசு. நாய்க்கணக்குல உங்களுக்கு அண்ணன். கூட்டிக்கிட்டுப் போங்க."

"விசாரிக்க மாட்டீங்களா?"

"விசாரிச்சாச்சு."

கிழட்டு நாய் அவர் விரல்களை முகர்ந்தது. வாலை ஆட்டிப் பார்த்தது. பிறகு கதவுக்கு முதுகைக் காட்டி, அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டது.

"ஒரே ஒரு கண்டிஷன்," என்றாள் கடைக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ரெண்டு பேரும், முந்திக்கணும்னு அவசரப்படக் கூடாது."