டிரைவர் சீட்டில் ஒரு மூட்டை

காரை ஓட்டுவது கம்ப்யூட்டர். டிரைவர் சீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது அருள்தாஸின் வேலை. சீட்டில் ஆள் பாரம் இல்லையென்றால் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். மறுபடி உயிர் பெற அரை மணி நேரமாகும். காரின் சொந்தக்காரர் வசுமதி மேடத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அன்று மேடம் கல்யாண மண்டபத்துக்குள் இருந்தபோது அருள்தாஸின் மனைவி போனில் அழைத்தாள்.

"பிரசவ வார்டுல சேர்த்துட்டாங்க. கையெழுத்துப் போட ஆள் இல்ல. வர்றியா, இல்ல அந்த சீட்டையே கட்டிக்கிட்டு அழப்போறியா?"

மண்டபத்துச் சமையல்காரரிடம் கெஞ்சி ஓர் அரிசி மூட்டையை வாங்கினான். அதைச் சீட்டில் சாய்த்து, பெல்ட்டையும் மாட்டிவிட்டு ஓடினான்.

சாயங்காலம் திரும்பியபோது கார் அணையாமல் இருந்தது. மேடம் பின்சீட்டில் ஏறிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். பொண்ணு பொறந்திருக்கு."

"ரொம்ப சந்தோஷம்! கெட்டிக்காரன்ப்பா நீ. இந்த யோசனை எனக்குத் தோணவே இல்லையே!"

அருள்தாஸ் சிரித்தபடி மூட்டையை இறக்க முன்கதவைத் திறந்தான்.

"அது இருக்கட்டும். நீ போய்க் குழந்தையைப் பாரு."

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும் மேடம்?"

"இனிமே எதுக்குப்பா?" என்றார் மேடம், கண்ணாடியை ஏற்றிக்கொண்டே.

கார் கிளம்பியது.