ஃபங்ஷன் சொன்ன பதில்

“எம்பேரு வர்றப்ப நம்பர கொஞ்சம் ஏத்திப் போட்டுடு வெற்றி. தேறலன்னு வந்துச்சு, நாளைக்கே வூட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

போனில் சொல்லி முடிப்பதற்குள் அறிவழகனுக்கு இருமல் வந்துவிட்டது. அரியலூருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் உடைக்கும் கிரஷரில் வேலை. நாள் முழுக்கப் புழுதிதான். அதே கம்பெனி ஆபீசில், பெரம்பலூரில் கம்ப்யூட்டர் படித்த அவன் மனைவி வெற்றிச்செல்வி, நுரையீரல் சோதனைக்காகத் தொழிலாளிகள் குழாயில் ஊதிய காற்றின் அளவை டேட்டாபேஸில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“பொய்யா போட்டுட்டு, உள்ள ஏதாச்சும் நோவு இருந்தா என்னங்க பண்றது?”

“வேல போனா சோத்துக்கு என்னடி பண்றது?” போனை வைத்துவிட்டான்.

“என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?” மேனேஜர் பிரேம்குமார் எட்டிப் பார்த்தார். “கணக்கெல்லாம் உன் தலைவலி இல்ல. அதுக்குத்தான் கம்ப்யூட்டருக்குள்ள ஃபங்ஷன்னு ஒரு குட்டி புரோகிராம் எழுதி வெச்சிருக்கு. வயசு, உயரம், ஊதுன அளவு, மூணையும் உள்ள குடு. அதுவே கணக்குப் போட்டு ‘நலம்’னோ ‘சிகிச்சை தேவை’ன்னோ பதில் சொல்லும். ஒருதடவ எழுதுனது, அத்தன பேருக்கும் அதேதான்.”

“ஆளப் பாத்து மாறாதா சார்?”

“மாறவே மாறாதும்மா.”

அறிவழகனின் பெயர் வந்தது. அவள் விரல் பெரிய எண்ணின் பக்கமே போயிற்று. ஐயோ, வேலை போனால் போகட்டும், மனுஷன் உயிரோடு இருந்தால் முந்திரிக்காட்டில் கூலிக்குப் போயாவது பிழைத்துக்கொள்ளலாமே! உண்மையான அளவையே அடித்தாள். மாரியாத்தா என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு என்டரைத் தட்டினாள்.

‘நலம்.’

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. உடனே போன் போட்டாள்.

“ஏங்க, நம்பர மாத்தவே இல்லீங்க. உள்ளதத்தான் போட்டேன். நலம்னு வந்துருச்சு!”

“நெசமாவா? எஞ்சாமி! பயந்தே செத்துட்டேன் போ. அப்ப டாக்டரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நைட் ஷிப்டும் சேத்துப் பாக்குறேன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடறேன்.”

அடுத்த ஆளுக்குப் போனாள். சந்தோஷத்தில் கை தவறி, ஊதிய அளவில் வெறும் பூஜ்யம் இருக்கும்போதே என்டர் விழுந்துவிட்டது.

‘நலம்.’

மூச்சே விடாத ஆள் எப்படி நலமாக இருப்பான்?

அந்த ஃபங்ஷனைத் திறந்தாள். உள்ளே கணக்கு என்று எதுவுமே இல்லை. யார் என்ன ஊதினாலும் ‘நலம்’ என்று மட்டும் சொல்லச்சொல்லி ஒரே ஒரு வரி எழுதியிருந்தது.