எழுபது வளைவு

கொல்லிமலை இறங்கும் பேருந்தில், வளைவுக்கு வளைவு காலை வெயில் பக்கம் மாறி விழுகிறது. ஜன்னலோரம் யமுனா, மடியில் வேதியியல் புத்தகம். நாளை நாமக்கல்லில் பி.எஸ்ஸி. பரீட்சை. பரீட்சைப் பயத்தில் ஒரு வாரமாகச் சோறு கொள்ளாத வயிறு தொண்டைவரை ஏறுகிறது. சின்னப் பிள்ளையில் இதே எழுபது வளைவிலும் பலாச்சுளை தின்றுகொண்டே இறங்கியவள் அவள்; ஜன்னலில் தலையைத் தொங்கப்போட்டு வாந்தியெடுக்கும், சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர்களைப் பார்த்து அம்மாவின் முந்தானைக்குள் சிரித்தவள். அந்தப் பசி எந்த வளைவில் இறங்கிப் போனதோ. புதிதாக வந்திருக்கும் கண்டக்டர் எலுமிச்சம்பழம் ஒன்றை நீட்டுகிறார். "மோந்துக்கங்க அம்மணி. மலைக்குப் புதுசுங்களா?" வாயைத் திறந்தால் வந்துவிடும். பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டு, மேலே மறையும் தன் ஊர்ப் பலாமரங்களைப் பார்த்தபடியே, ஆமாம் என்று தலையாட்டுகிறாள்.