சீப்பில் வந்த பஞ்சு

எங்கள் அலுவலக வளாகத்தின் மாதச் செய்திமடலை நான்தான் தயாரிக்கிறேன். இந்த மாதம் முன்பக்கத்தில் வருமான வரி தாக்கலுக்குக் கடைசி நாள் எது என்ற நினைவூட்டல். பின்பக்கத்தில் வளாகத்தின் வரலாறு: இங்கே முன்பு ஒரு நூற்பாலை இருந்தது, நான் பிறப்பதற்கு முன்பே அதை இடித்துவிட்டார்கள்.

மூன்றாம் மாடியில் ஆடிட்டரிடம் அக்கா வேலை பார்க்கிறாள். கை தூக்கவே தெம்பில்லாததால் காலையில் நான்தான் அவளுக்குத் தலைவாரிவிடுகிறேன். கொஞ்ச நாளாகச் சீப்பில் பஞ்சு வருகிறது.

"தலைகாணி கிழிஞ்சிருக்கும். பேசாம வாரு."

தலையணையைப் பார்த்தேன். சரியாகப் பார்த்தேனோ என்று மறுபடியும் பார்த்தேன். கிழியவில்லை.

"கடைசி நாள் முடியட்டும்டி, ஒரு வாரம் தூங்குறேன்," என்றாள். நானும் அதற்குத்தான் காத்திருந்தேன். ஆள் பாதியாகிவிட்டாள்.

நேற்றோடு கடைசி நாள் முடிந்தது. இன்று காலையும் சாப்பாட்டு டப்பாவோடு என்கூடவே கிளம்பி, வளாக வாசலில் பிரிந்து போனாள். மதியம் லிஃப்டில் ஆடிட்டரைப் பார்த்தேன்.

"ஆபீஸைப் பூட்டி எல்லாருக்கும் லீவு விட்டுட்டேன்மா. அக்கா நல்லா தூங்கறாளா?"

வேலை முடிந்து, மாலை வகுப்புக்கும் போய்விட்டு வீட்டுக்கு வந்தால், அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்திருந்தாள். தலையெல்லாம் பஞ்சு.

"எங்கக்கா போன?"

"வேலைக்குத்தான். வேற எங்க?"

"ஆபீஸ் பூட்டியிருக்கே."

"ஆபீஸ்தான்டி பூட்டியிருக்கு," என்றபடியே தூங்கிப்போனாள்.

செய்திமடலின் பின்பக்கத்தில் நூற்பாலையைப் பற்றி ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனோ என்று யோசித்துக்கொண்டே அவள் செருப்பைக் கழற்றினேன். மடியில் கிடந்த அவளுடைய கட்டைவிரலும் சுட்டுவிரலும், அறுந்த நூலைச் சேர்ப்பதுபோல், நிற்காமல் உருட்டிக்கொண்டிருந்தன.